கோல்கொண்டாக் கோட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐதராபாதுக்குச் செல்கிறவர்களில் பலர் கோல்கொண்டாவை வைரத்தோடும் வாயிலில் நின்று கைதட்டிப் பார்க்கும் வேடிக்கையோடும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கின்றனர். அடிப்படையில் அது ஒரு படைக்கோட்டை. எதிரியைத் தடுப்பதற்காகவும், தடுக்க முடியாதபோது பல மாதங்கள் உள்ளே தாக்குப்பிடிப்பதற்காகவும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகத் திருத்திக் கட்டப்பட்ட அரண் அது. அந்தக் கண்ணோட்டத்திலிருந்தே கீழ்க்காணும் கேள்விகளுக்கு விடையளிக்கப்பட்டுள்ளது.

கோட்டை எங்கே இருக்கிறது? இன்று அதில் என்னென்ன எஞ்சியுள்ளன?

தெலங்கானாவின் தலைநகரான ஐதராபாதில், சார்மினாரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், சுற்றுப்புறத்திலிருந்து ஏறக்குறைய 120 மீட்டர் உயர்ந்து நிற்கும் கருங்கல் குன்று ஒன்றின் மீதும் அதைச் சுற்றியுள்ள சமநிலத்திலும் கோட்டை பரந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் நகருக்கு வெளியே தனித்து நின்ற இடத்தை இன்று நகரம் எல்லாப் பக்கங்களிலும் சூழ்ந்துவிட்டது.

எஞ்சியிருப்பதில் முதன்மையானது வெளிமதில். ஆங்காங்கே சிதைந்திருந்தாலும், அதன் கொத்தளங்களில் பெரும்பாலானவை இன்னும் நிற்கின்றன. உள்ளே அரண்மனைகளின் சுவர்களும் வளைவுகளும் உள்ளனவே தவிர, கூரைகள் பெரும்பாலும் இல்லை. பள்ளிவாசல்கள், ஆயுதக் கிடங்கு, தானியக் களஞ்சியம், குன்றின் உச்சியிலுள்ள தர்பார் மண்டபம், வாயில்கள் ஆகியவை ஓரளவு முழுமையாக இருக்கின்றன. வெளிமதிலுக்கும் உள்மதிலுக்கும் இடைப்பட்ட பகுதி பாழடைந்த இடமன்று. அங்கே தெருக்களும் கடைகளும் வீடுகளுமாக மக்கள் வாழ்கின்றனர். நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே செல்கிறவர்கள் பார்ப்பது குன்றையும் அதன் அடிவாரத்தையும் மட்டுமே என்பதையும், அங்கே வந்து சேர்வதற்கு முன்பே தாங்கள் பயணித்த வாகனம் வெளிமதிலைக் கடந்துவிட்டது என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இதைக் கட்டியவர் யார்?

ஒருவரைச் சுட்டிச் சொல்ல இயலாது. காகதீயர் காலத்தில் இங்கே ஒரு மண்கோட்டை இருந்தது. காகதீயர் ஆட்சி முடிந்த பிறகு ஓரங்கல்லை (இன்றைய வாரங்கல்) ஆண்ட முசுனூரி காபய நாயக்கர் 1364 வாக்கில் இதைப் பாமினி சுல்தானிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பாமினி அரசு தளர்ந்தபோது, அவ்வரசின் தெலங்கானாப் பகுதிக்கு ஆளுநராக இருந்த சுல்தான் குலி, 1518 முதல் தனியாட்சி நடத்தியதாகக் கொள்வது மரபு; குதுப் ஷாஹி மரபு அவரிலிருந்தே தொடங்குகிறது. ஈரானிலிருந்து வந்த துருக்கிய இனக்குழுவைச் சேர்ந்தவர் அவர். மண்மதிலைக் கல்மதிலாக மாற்றும் வேலை அவர் காலத்தில் தொடங்கி, அவருடைய மகன் இப்ராஹிம் ஆட்சியில் (1550–1580) முழுவடிவம் பெற்றது. இப்ராஹிம் அரியணை ஏறுவதற்கு முன் ஏழாண்டுகள் விசயநகர அரசவையில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தவர். தெலுங்குப் புலவர்களை ஆதரித்தவர். பாலா ஹிஸார் எனப்படும் உள்ளரணின் வாயிலுக்கு மேலே காணப்படும் யாளி, சிங்க உருவங்களைப் பார்க்கிறவர்கள் இந்தப் பின்னணியை நினைவில் கொண்டால் வியப்படைய மாட்டார்கள்.

மூன்று மதில்கள் என்கிறார்களே, அவை எப்படி அமைந்துள்ளன?

முதல் மதில் கோட்டை நகரத்தையே வளைத்துச் செல்கிறது. அதில் 87 அரைவட்டக் கொத்தளங்கள் உள்ளன; அவற்றின் உயரம் 15 முதல் 18 மீட்டர் வரை. தூக்கிவைக்கப்பட்ட கருங்கற்களில் பல ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளவை. மதிலுக்கு வெளியே அகழி ஓடியது. இரண்டாவது மதில், இரட்டைச் சுவராகக் குன்றின் அடிவாரத்தைச் சுற்றுகிறது. மூன்றாவது, குன்றின் மேலே பாலா ஹிஸாரைக் காக்கிறது. இந்த மூன்றாவது மதிலைக் கட்டியவர்களின் கூர்மை பாராட்டத்தக்கது. குன்றின் மீது இயற்கையாகக் கிடந்த பெரும்பாறைகளை உடைத்து அப்புறப்படுத்தாமல், பாறை இருக்கும் இடத்தில் பாறையையே மதிலாக விட்டுவிட்டு, இடைவெளிகளை மட்டும் கல்கட்டால் நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே எங்கே பாறை முடிகிறது, எங்கே கட்டடம் தொடங்குகிறது என்று சில இடங்களில் பிரித்தறிவது கடினம்.

கொத்தளங்கள் அரைவட்டமாக இருப்பது அழகுக்காக அன்று. நேர்ச்சுவரின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரியை மேலிருந்து குறிபார்ப்பது எளிதன்று. வெளியே துருத்தி நிற்கும் கொத்தளத்திலிருந்து பார்த்தால், இரண்டு பக்கத்து மதில்களின் அடிவாரமும் தெளிவாகத் தெரியும். ஒரு கொத்தளத்தின் கண்ணுக்குத் தப்பும் இடம் அடுத்த கொத்தளத்தின் கண்ணில் படும். மேலும், வளைந்த முகப்பில் படும் பீரங்கிக்குண்டின் விசை ஓரளவு சிதறிப்போகும்.

வாயில்கள் மொத்தம் எட்டு என்பது வழக்கமான கணக்கு: ஃபதே, மக்கா, பஞ்சாரா, ஜமாலி, மோத்தி, பாமினி, பட்டான்செரு, நயா கிலா ஆகிய பெயர்களால் அவை அறியப்படுகின்றன. கோட்டை எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதன் பலவீனம் வாயிலில்தான் இருக்கும் என்பதைக் கட்டியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கதவுகளின் முகப்பில் இரும்புக் கூர்முனைகள் பதிக்கப்பட்டிருப்பது, யானையை விட்டு முட்டித் திறப்பதைத் தடுப்பதற்காக. பாலா ஹிஸார் வாயிலுக்கு நேர் எதிரே, வழியை மறிப்பதுபோல் ஒரு தனிச்சுவர் நிற்கிறது; அதைச் சுற்றிக்கொண்டுதான் வாயிலை அடைய வேண்டும். ஓடிவந்து முட்டுவதற்கு யானைக்குத் தேவையான நீண்ட நேர்வழியை அந்தச் சுவர் ஒன்றே பறித்துவிடுகிறது. கோட்டையில் மிகக் குறைந்த செலவில் கட்டப்பட்ட, மிகுந்த பயன் தந்த பகுதி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

வாயிலில் கைதட்டினால் உச்சியில் கேட்கும் என்பது உண்மையா?

உண்மை. பாலா ஹிஸார் வாயிலைக் கடந்தவுடன் உள்ள மாடக்கூரையின் கீழ், குறிப்பிட்ட இடத்தில் நின்று தட்டினால், குன்றின் உச்சியிலுள்ள மண்டபத்தருகே நிற்பவருக்கு அது கேட்கும். மாடத்தின் குழிந்த வளைவு ஒலியைத் திரட்டி ஒரு திசையில் அனுப்புவதே காரணம். வாயிலில் நிகழ்வதை மேலே உள்ள காவலருக்கு அறிவிக்க இது பயன்பட்டது என்று வழிகாட்டிகள் விளக்குகின்றனர். இன்று நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மாறிமாறித் தட்டிக்கொண்டிருப்பதால், எந்த ஒலி யாருடையது என்று மேலே இருப்பவருக்கு விளங்காமல் போவதும் உண்டு. காலையில் வாயில் திறந்தவுடன் சென்றால் தெளிவாகக் கேட்கலாம்.

குன்றின் உச்சிக்குத் தண்ணீர் எப்படிச் சென்றது?

மதிலைவிடவும் இது முக்கியமான கேள்வி. முற்றுகையில் கோட்டையை வீழ்த்துவது பெரும்பாலும் தாகமும் பசியும்தான். கோல்கொண்டாவின் நீர்த்தேவைக்குத் துர்கம் செருவு என்ற ஏரி முதன்மையான ஆதாரமாக இருந்தது. வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அந்த ஏரியிலிருந்து சுட்ட மண்குழாய்கள் வழியாக நீர் கோட்டைக்கு வந்தது. அடிவாரத்திலிருந்து குன்றின் மேலே ஏற்றுவதற்கு, வெவ்வேறு உயரங்களில் தொட்டிகள் அமைத்து, ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்குப் பாரசீகச் சக்கரங்களின் உதவியால் நீரை இறைத்து உயர்த்தினர். மேலே சேர்ந்த நீர், சுவர்களுக்குள் பதிக்கப்பட்ட மண்குழாய்கள் வழியாக அரண்மனைகளுக்கும் நீராடும் இடங்களுக்கும் தோட்டங்களுக்கும் இறங்கியது. காரை உதிர்ந்த சுவர்களில் அந்தக் குழாய்களின் துண்டுகளை இன்றும் காணலாம். ஏறும் வழியில் வலமும் இடமும் பார்த்துக்கொண்டே சென்றால் போதும்.

வெளியிலிருந்து வரும் நீரை முற்றுகையாளர் தடுத்துவிடலாம் அல்லவா என்று கேட்கலாம். அதனால்தான் மதிலுக்குள்ளேயே குளங்களும் கிணறுகளும் இருந்தன. கட்டோரா ஹவுஸ் என்ற பெரிய நீர்த்தேக்கம் அவற்றுள் ஒன்று. துர்கம் செருவு இன்று ஹைடெக் சிட்டியின் உயர்ந்த கட்டடங்களுக்கும் கம்பிவடப் பாலத்துக்கும் நடுவே பொழுதுபோக்கு இடமாகிவிட்டது. ஒரு பேரரசின் படையை எதிர்த்து நின்ற கோட்டைக்குக் குடிநீர் தந்த ஏரி அது என்பதைச் சொல்லும் ஒரு பெரிய பலகையாவது அங்கே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இவ்வளவு வலுவான கோட்டை இருக்க, ஐதராபாதை ஏன் கட்டினார்கள்?

மதிலுக்குள் இடம் போதாமல் நெருக்கடி மிகுந்ததே முதன்மையான காரணம். 1578-இல் மூசி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டப்பட்டது. 1591-இல் முகம்மது குலி குதுப் ஷா ஆற்றின் தென்கரையில் சார்மினாரை மையமாகக் கொண்டு புதிய நகரத்தை அமைத்தார். புதிய நகருக்குக் குதுப் ஷாஹிகள் மதில் எழுப்பவில்லை. ஆபத்து வரும்போது அரசரும் அரசவையும் கருவூலமும் கோல்கொண்டாவுக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதே ஏற்பாடு. 1656-இலும் 1685-இலும் முகலாயப் படைகள் ஐதராபாதைக் கொள்ளையடித்தபோது நடந்தது அதுவே. அரசர் தப்பினார், நகரத்து மக்கள் தப்பவில்லை.

நயா கிலா என்பது என்ன?

வெளிமதிலின் வடகிழக்கில் ஒட்டுப்போட்டதுபோல் புடைத்து நிற்கும் பகுதிக்கு நயா கிலா, அதாவது புதுக்கோட்டை, என்று பெயர். 1656-இல், அப்போது தக்காணத்தின் முகலாய ஆளுநராக இருந்த இளவரசர் ஔரங்கசீப், கோல்கொண்டாவை முற்றுகையிட்டார். தந்தை ஷாஜகானின் ஆணையால் முற்றுகை கைவிடப்பட்டது; அப்துல்லா குதுப் ஷா பெருந்தொகை கொடுத்தும் தம் மகளை ஔரங்கசீப்பின் மகனுக்கு மணம் செய்துகொடுத்தும் உடன்பாடு கண்டார். இம்முற்றுகை கோட்டையின் குறைகளை வெளிச்சமாக்கியது. மதிலுக்கு அருகே இருந்த ஒரு மேட்டைப் பகைவர் பிடித்தால் அங்கிருந்தே உள்ளே சுடலாம் என்று கண்டவர்கள், அந்த மேட்டையே மதில் போட்டுக் கோட்டைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். தெற்குப் பக்கத்தில் மூசா புர்ஜ் என்ற பெரிய கொத்தளம் எழுந்ததும் அந்த முற்றுகைக்குப் பின்னர்தான். அதன் கல்வெட்டு பாரசீகத்திலும் தெலுங்கிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

நயா கிலாவுக்குள் பழைய பள்ளிவாசல்களும், அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்ட குதுப் ஷாஹித் தோட்டமும், ‘ஹாத்தியான் கா ஜாட்’ என்று ஊரார் அழைக்கும், பல நூற்றாண்டு வயதுடைய ஆனைப்புளிய மரமும் உள்ளன. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தின் அடிமரம் ஒரு சிறிய அறையளவு பருமனானது.

1687 முற்றுகையில் என்ன நடந்தது?

அரசராகி முப்பதாண்டுகள் ஆகும் தறுவாயில், 1686-இல் பீஜப்பூரை வென்ற ஔரங்கசீப், மறுஆண்டின் தொடக்கத்தில் தம் பெரும்படையுடன் கோல்கொண்டாவுக்கு வந்தார். உள்ளே இருந்தவர் அபுல் ஹசன் தானா ஷா. குதுப் ஷாஹிகளில் கடைசி அரசர். அவருடைய ஆட்சியின் தூண்களாக இருந்த அந்தணச் சகோதரர்களான அக்கண்ணா, மாதண்ணா இருவரும் அதற்கு முன்பே தலைநகரில் படுகொலை செய்யப்பட்டிருந்தனர். பேரரசு தன் முழு ஆற்றலையும் திரட்டி வந்திருந்த நிலையில் கோட்டை சில வாரங்களில் விழும் என்று முகலாயர்கள் எதிர்பார்த்திருக்கலாம். எட்டு மாதங்கள் ஆயின.

மதிலின் மேலிருந்த பீரங்கிகள் இரவும் பகலும் சுட்டுக்கொண்டிருந்தன. முகலாயத் தளபதி கிலிச் கான் குண்டடிபட்டுக் கை சிதைந்து இறந்தார். அவருடைய பேரனே பிற்காலத்தில் முதல் நிஜாமாகி அதே ஐதராபாதை ஆளும் மரபைத் தொடங்கினார் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. அகழியைத் தூர்ப்பதற்காக மண்மூட்டைகள் அடுக்கப்பட்டன. முதல் மூட்டையை ஔரங்கசீப் தம் கையாலேயே தைத்தார் என்று முகலாயர் தரப்பு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏணிகளைச் சாத்தி இரவில் ஏற முயன்றபோது ஒரு நாய் குரைத்துக் காட்டிக்கொடுத்தது என்றும், அந்த நாய்க்கு அரசர் பொன் சங்கிலி அணிவித்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்றாலும், ஏணி முயற்சி தோற்றது உறுதி.

பிறகு சுரங்கம் தோண்டினார்கள். மதிலின் அடிவரை சுரங்கம் வெட்டி, வெடிமருந்தை நிரப்பி, மதிலைத் தகர்த்து, அந்த இடிபாட்டின் வழியே படையை உள்ளே செலுத்துவது திட்டம். உள்ளே இருந்தவர்கள் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். எதிர்ச்சுரங்கம் தோண்டி, வெடிமருந்தின் ஒரு பகுதியை அள்ளியெடுத்து, எஞ்சியதில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். சூன் மாதத்தில் திரி பற்றவைக்கப்பட்டபோது, வெடிப்பு மதிலை நோக்கிச் செல்லாமல் வெளிப்புறமாகச் சீறி, உள்ளே பாய்வதற்காகக் காத்துநின்ற முகலாய வீரர்கள் மீதே கல்லையும் மண்ணையும் கொட்டியது. அதே வேளையில் கோட்டையிலிருந்தவர்கள் வெளியே வந்தும் தாக்கினார்கள். இதோடு மழை பெருகியது. ஆறுகளில் வெள்ளம் வந்து தானிய வரத்து நின்றது. பாசறையில் பஞ்சமும் நோயும் பரவின. இத்தனைக்கும் நடுவே, எதிரியோடு மறைவாகத் தொடர்பு வைத்திருந்தார் என்று ஐயுற்றுத் தம் மகன் ஷா ஆலமையே ஔரங்கசீப் சிறையில் அடைத்திருந்தார். ஆயினும் அவர் பின்வாங்கவில்லை. கோட்டையைச் சுற்றி மரத்தாலும் மண்ணாலும் ஒரு வேலிமதிலை எழுப்பி, உள்ளே யாரும் எதையும் கொண்டுசெல்ல முடியாதபடி அடைத்தார்.

செப்டம்பர் மாதத்தில் ஓரிரவு, அப்துல்லா கான் பன்னி என்ற ஆப்கானியத் தளபதி, கையூட்டுப் பெற்றுக்கொண்டு, ஒரு திட்டிவாசலைத் திறந்துவிட்டார். முகலாயர்கள் நுழைந்தனர். அப்துர் ரசாக் லாரி என்ற படைத்தலைவர் கடைசிவரை போரிட்டு, உடல் முழுவதும் காயங்களோடு வீழ்ந்து கிடந்தார். அவருடைய பற்றுறுதியைக் கண்டு வியந்த ஔரங்கசீப், மருத்துவர்களை அனுப்பி அவரைப் பிழைக்க வைத்தார். அபுல் ஹசன் தௌலதாபாத் கோட்டைக்குச் சிறையாகக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே இறந்தார். முகலாயப் படை வெற்றியோடு நுழைந்ததன் நினைவாகவே தென்கிழக்கு வாயிலுக்கு ஃபதே தர்வாஜா, அதாவது வெற்றி வாயில், என்ற பெயர் நிலைத்தது.

அப்படியானால் துரோகம் ஒன்றுதான் கோட்டையை வீழ்த்தியதா?

கதவைத் திறந்தது துரோகம். ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது நடந்ததை எளிமைப்படுத்துவதாகும். அந்த இரவுக்கு முன்பே, குதுப் ஷாஹித் தளபதிகளில் பலர் ஒருவர் பின் ஒருவராகப் பதவிக்கும் பணத்துக்கும் ஆசைப்பட்டு முகலாயர் பக்கம் போயிருந்தனர். உதவிக்கு வரக்கூடிய பீஜப்பூர் முந்தைய ஆண்டே வீழ்ந்துவிட்டது. மராத்திய அரசர் சம்பாஜியின் கை தம் எல்லையிலேயே கட்டுண்டிருந்தது. முற்றுகைக்குட்பட்ட கோட்டை என்பது வெளியிலிருந்து உதவி வரும்வரை காலத்தைக் கடத்தும் கருவி. உதவிக்கு வர யாருமே இல்லாதபோது அந்தக் காலத்துக்கு ஒரு முடிவு இருந்தே தீரும். மதில்களைப் பொறுத்தவரை, அவை தங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்துமுடித்தன. பீரங்கியாலோ சுரங்கத்தாலோ ஏணியாலோ அவற்றை யாரும் கடக்கவில்லை.

பழைய பீரங்கிகள் இன்னும் இருக்கின்றனவா?

சில இருக்கின்றன. வடமேற்கு மூலையிலுள்ள பேட்லா புர்ஜ் மீது ஃபதே ரஹ்பர் என்ற ஔரங்கசீப் காலத்துப் பெரிய பீரங்கி உள்ளது. சுற்றுலாப் பாதைக்கு வெளியே இருப்பதால் அங்கே செல்கிறவர்கள் குறைவு.

கோல்கொண்டாவில் வைரச் சுரங்கம் எங்கே இருந்தது?

கோட்டையிலோ அதன் அருகிலோ வைரச் சுரங்கம் இருந்ததில்லை. வைரங்கள் எடுக்கப்பட்டது கிருட்டிணை ஆற்றுப் படுகையில். கொல்லூர் அவற்றுள் பெயர்பெற்றது. அச்சுரங்கங்கள் குதுப் ஷாஹி அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தன. பெருங்கற்கள் அரசருக்கு உரியவை. வணிகம் கோல்கொண்டாவிலும் அதையடுத்த கார்வான் பகுதியிலும் நடந்தது. அதனால் எல்லா வைரங்களுக்கும் கோட்டையின் பெயர் ஒட்டிக்கொண்டது. மதிலுக்கும் பீரங்கிக்கும் கூலிப்படைக்கும் வேண்டிய பணத்தில் ஒரு பகுதி இந்த வைரங்களிலிருந்து வந்தது என்பதும், முகலாயர்களின் கண்ணை இங்கே ஈர்த்ததும் அதே செல்வம்தான் என்பதும் படைவரலாற்றுக்குத் தேவையான செய்திகள்.

பத்ராசல ராமதாசர் சிறையிருந்தது இங்கேயா?

ஆம் என்பது மரபு. கஞ்சர்ல கோபண்ணா என்ற இயற்பெயருடைய அவர், அக்கண்ணா, மாதண்ணா ஆகியோரின் மருமகன். பால்வஞ்சைப் பகுதியின் வரித்தண்டல் அதிகாரி. அரசுக்குச் சேரவேண்டிய வரிப்பணத்தைப் பத்ராசலம் இராமர் கோயிலுக்குச் செலவிட்டார் என்ற குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார் என்றும், பின்னர் தானா ஷாவே விடுவித்தார் என்றும் சொல்லப்படுகிறது. மேலேறும் வழியில், ஆதியில் கிடங்காக இருந்த, கல்லால் கட்டிய அறை ஒன்று ராமதாசர் சிறை எனக் காட்டப்படுகிறது. உள்ளே சுவரில் இராமன், இலக்குவன், அனுமன் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தியாகராசர் தம் கீர்த்தனைகளில் நினைவுகூர்ந்தவர் என்பதால், இசை கேட்டு வளர்ந்த தமிழர்கள் இந்த அறையில் சற்று நேரம் நிற்பதைப் பார்க்கலாம்.

உச்சியிலிருந்து சார்மினாருக்குச் சுரங்கப்பாதை உண்டா?

அப்படியொரு பாதை கண்டறியப்படவில்லை. கருங்கல்லும் ஓர் ஆறும் குறுக்கே இருக்க, 11 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியிருப்பார்கள் என்று நம்புவதற்கு இடமில்லை.

தமிழகத்துக்கும் இக்கோட்டைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பே உண்டு. 1640-களில் கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா தெற்கே படைநடத்தி, வட தமிழகக் கடற்கரை வரை ஆட்சியை விரித்தார். 1662-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து சாந்தோமைக் கைப்பற்றியது கோல்கொண்டாப் படை. புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர்கள் சென்னப்பட்டினத்துக்காகக் கோல்கொண்டா அரசுக்குக் குத்தகை செலுத்திவந்தனர். 1672-இல் அது ஆண்டுக்கு 1,200 வராகன் என்று நிலைப்படுத்தப்பட்டது. ஆக, அன்றைய சென்னையின் மேலாதிக்கம் இந்தக் குன்றின் மேல்தான் இருந்தது. 1677-இல் சத்ரபதி சிவாஜி செஞ்சியை நோக்கிப் படையெடுத்தபோதும், முதலில் ஐதராபாதுக்கு வந்து தானா ஷாவோடு உடன்பாடு செய்துகொண்டு, அவருடைய பொருளுதவியோடுதான் தெற்கே வந்தார்.

இன்று கோட்டைக்கு என்ன ஆபத்து?

நீரும் நகரமும். சுண்ணாம்புக் காரை கரைந்த இடைவெளிகளில் மழைநீர் புகுந்து, வேர்கள் ஊடுருவி, மதிலின் உள்நிரப்பு ஊறிப் பெருத்து முகப்புக் கற்களை வெளியே தள்ளுகிறது. 2020 அக்டோபரில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி இடிந்துவிழுந்தது. நினைவுச்சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை ஒப்புதல் பெற்றே கட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மக்கள் தலைமுறைகளாக மதிலுக்குள்ளேயே குடியிருக்கும் ஓரிடத்தில் இந்த விதியை அப்படியே நடைமுறைப்படுத்துவது எளிதன்று. ஒழுகும் கூரையைச் சீர்செய்வதற்குக்கூட ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டிய குடும்பத்தைக் குற்றவாளியாகப் பார்ப்பது முறையாகாது. அதே நேரத்தில், அகழியைத் தூர்த்து எழும் பல மாடிக் கட்டடத்தை அந்த வரிசையில் சேர்க்கவும் கூடாது. நயா கிலாவின் நிலத்தில் கோல்ஃப் மைதானம் அமைக்கப்பட்டது தொல்லியல் ஆர்வலர்களின் கடும் எதிர்ப்புக்கு உள்ளானது. என் பார்வையில் அந்த எதிர்ப்பு நியாயமானதே.

கோட்டை முற்றிலும் வழக்கொழிந்துவிடவுமில்லை. ஆடி மாத போனாலுத் திருவிழா ஆண்டுதோறும் உச்சியிலுள்ள ஜகதாம்பா கோயிலில்தான் தொடங்குகிறது. 2014 முதல் தெலங்கானா அரசின் சுதந்திர தினக் கொடியேற்றம் இங்கே நடந்துவருகிறது. இந்திய ராணுவத்தின் பீரங்கிப் படைப் பயிற்சி மையமும் கோட்டையை ஒட்டியே உள்ளது.

ஒரே நாளில் எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் கருங்கல் சூடேறிவிடும். ஃபதே தர்வாஜாவில் இறங்கி, வாயிலையும் அதன் இரும்பு முனைகளையும் பார்த்துவிட்டு, பழைய தெரு வழியாகப் பாலா ஹிஸார் வாயிலுக்கு நடந்து செல்லுங்கள். உள்ளே நுழைந்ததும் நேரே படியேறாமல், ஆயுதக் கிடங்கையும் அடிவார அரண்மனைகளையும் முதலில் பார்ப்பது நல்லது. ஏறி இறங்கிய களைப்பில் அவற்றைத் தவறவிடுகிறவர்களே மிகுதி. முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. குடிநீர் கட்டாயம் வேண்டும். உச்சியிலிருந்து வெளிமதிலின் வளைவைக் கண்ணால் தொடர்ந்து பார்த்தால், மேலே சொன்ன மூன்று அடுக்குகளும் ஒரே பார்வையில் விளங்கும். பிற்பகலில் நயா கிலாவுக்கும், பஞ்சாரா தர்வாஜாவுக்கு வெளியே சிறு தொலைவில் உள்ள குதுப் ஷாஹிக் கல்லறைத் தோட்டத்துக்கும் செல்லலாம். 2013 முதல் பல ஆண்டுகள் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை அங்கே மேற்கொண்ட சீரமைப்பில், சிமெண்டுப் பூச்சு அகற்றப்பட்டு மீண்டும் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டுள்ளது. மாலையில் கோட்டையில் நடக்கும் ஒலி-ஒளிக் காட்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள், எந்த மொழிக் காட்சி எந்த நேரத்தில் என்பதை அன்று காலையிலேயே நுழைவாயிலில் கேட்டறிந்துகொள்வது நல்லது.